கச்சேரி கேட்கப் பழகலாம்: நாற்பதிலும் அறுபதிலும் தொடங்குபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மார்கழியில் சென்னையில் கர்நாடக இசைக்குப் பஞ்சமே கிடையாது. மயிலாப்பூர், தி.நகர், திருவல்லிக்கேணி, பாரிமுனை என எந்தப் பக்கம் போனாலும் காலையில் சொற்பொழிவு, மதியம் இளைஞர் கச்சேரி, மாலையில் பெரிய வித்வான்கள். யுனெஸ்கோ தன் படைப்பு நகரங்கள் வரிசையில் 2017இல் சென்னையை இசைக்காகத்தான் சேர்த்தது. இருந்தும் இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர்களில் சபா (கச்சேரி நடத்தும் அமைப்பு) வாசலை மிதிக்காதவர்களே அதிகம். காரணம் கேட்டால், "எனக்கு ராகமெல்லாம் தெரியாதே" என்பார்கள்.

தெரியவே வேண்டியதில்லை. பாடக் கற்பது ஒரு வேலை, கேட்கக் கற்பது வேறு வேலை. இரண்டாவதற்குக் குரலும் வேண்டாம், சிறுவயதுப் பயிற்சியும் வேண்டாம். கொஞ்சம் இசையை எடுத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பக் கேட்கும் பொறுமை இருந்தால் போதும். ஐம்பது கச்சேரிக்கு ஓடுகிறவரைவிட, ஒரே ராகத்தை ஐந்து பேர் பாடிக் கேட்டவருக்குச் சீக்கிரம் காது திறக்கும். இந்த வழிகாட்டியும் அந்த நம்பிக்கையில்தான் எழுதப்பட்டது.

தொடங்க நல்ல நேரம் நவராத்திரி. கோயில்களில் கட்டணமில்லாமல் கச்சேரிகள் நடக்கும், கூட்டமும் நெருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வகுப்பு, மார்கழியில் சபாக்கள், தையில் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்று முடிந்துவிடும். வேறு மாதத்தில் இதைப் படிக்கிறீர்கள் என்றால் அதுவும் சரி, வரிசை மட்டும் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: சுருதி

கச்சேரி தொடங்கும் முன்பே ஒரு ரீங்காரம் கேட்கும். அதுதான் தம்புரா. நான்கு தந்திகள். வழக்கமாக முதல் தந்தி பஞ்சமம் ('ப'), நடுவில் இரண்டும் சட்ஜம் ('ஸ'), கடைசித் தந்தி கீழ் ஸ்தாயி சட்ஜம், அதாவது தாழ்ந்த 'ஸ'. இப்போது பல மேடைகளில் தம்புராவுக்குப் பதிலாகவோ துணையாகவோ மின்னணு சுருதிப்பெட்டி இருக்கும். பாடகர் எவ்வளவு தூரம் போனாலும் இந்த ஒலிக்குத்தான் திரும்பி வருவார்.

போனில் ஒரு தம்புரா செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசமாகவே கிடைக்கும். சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற அளவில் சொல்வார்கள். ஆண்கள் ஒரு கட்டையை ஒட்டியும் பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டியும் வைத்துப் பார்க்கலாம், குரலுக்கு ஏற்ப ஏற்றி இறக்கலாம். தினமும் ஐந்து நிமிடம் அதோடு சேர்ந்து 'ஸ' என்று முனகுங்கள். பாடுவதற்காக அல்ல. 'ஸ' எங்கே இருக்கிறது என்று காதில் பதிந்துவிட்டால், ஆலாபனையில் (தாளமும் வரியும் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது) பாடகர் அதை விட்டு விலகிப் போவதும் வெகுநேரம் இழுத்தடித்துவிட்டுக் கடைசியில் வந்து உட்காருவதும் தானாகவே புரிய ஆரம்பிக்கும். அரங்கில் யாரோ 'ஆஹா' என்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

படி 2: ஆதி தாளத்தைக் கையில் வாங்குங்கள்

ராகத்தில் தொடங்காதீர்கள், தாளத்தில் தொடங்குங்கள். ராகத்தைக் கண்டுபிடிக்கப் பல மாதங்கள் ஆகும், ஆதி தாளம் ஒரே மாலையில் வந்துவிடும். தாளம் போடத் தெரிந்துவிட்டால் நீங்கள் வெறும் பார்வையாளர் இல்லை.

வலது உள்ளங்கையால் தொடையில் ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாக எண்ணுங்கள். நான்கு ஆயிற்று. அடுத்து ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு. மறுபடி ஒரு தட்டு, ஒரு வீச்சு. மொத்தம் எட்டு. முதல் நான்கு எண்ணிக்கை லகு, அடுத்த இரண்டும் கடைசி இரண்டும் தலா ஒரு திருதம். வேகம் கூடாமல் குறையாமல் பத்து நிமிடம் போட்டுக்கொண்டே இருக்க முடிந்தால் அடிப்படை வந்துவிட்டது.

இனி ஏதாவது ஒரு வர்ணத்தின் (கச்சேரியின் தொடக்கத்தில் பாடும் பாட்டு வகை) ஒலிப்பதிவை எடுத்துக்கொண்டு கூடவே போடுங்கள். ராமநாதபுரம் பூச்சி சீனிவாச ஐயங்காரின் மோகன ராக வர்ணமான 'நின்னு கோரி' நல்ல தேர்வு, பலரும் பாடியிருக்கிறார்கள். ஆதி தாளத்தில் நேராகப் போகும். அடுத்து ஒரு கீர்த்தனைக்குப் போட்டுப் பார்த்தால் குழப்பம் வரும். பாட்டு உங்கள் முதல் தட்டில் தொடங்காமல் சற்றுத் தள்ளித் தொடங்கும். பிசகு உங்களுடையது அல்ல, பாட்டின் எடுப்பே அப்படித்தான். தாளத்தின் முதல் தட்டிலேயே தொடங்கினால் சமம். அரை இடம், ஒன்றரை இடம் தள்ளித் தொடங்குவதும் உண்டு. பாடகரின் கையைப் பார்த்துக்கொண்டே போடுவதுதான் இதற்கு எளிய வழி. கை தெரியாத இடத்தில் உட்கார்ந்திருந்தால் முன்வரிசையில் உள்ள மாமாவின் தொடையைப் பாருங்கள். சென்னை சபாக்களில் தாளம் போடும் கைகளுக்குக் குறைவில்லை. அவற்றில் ஒன்றிரண்டு தப்பாகவும் இருக்கும் என்பதால் நான்கைந்து கைகளைப் பார்த்து, எது ஒத்துப்போகிறது என்று முடிவு செய்யுங்கள்.

மெதுவான பாட்டுகளில் ஒவ்வொரு எண்ணிக்கையையும் இரண்டிரண்டு முறை போடுவார்கள். அது இரண்டு களை. ஆதிக்குப் பிறகு ரூபகம் (கச்சேரி வழக்கில் மூன்று எண்ணிக்கை), கண்ட சாபு (ஐந்து), மிச்ர சாபு (ஏழு) என்ற மூன்றையும் அடையாளம் காணப் பழகினால், ஒரு மாலையில் பாடப்படும் பாட்டுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு உங்கள் கை தயார்.

படி 3: மூன்று ராகங்கள், அதற்கு மேல் வேண்டாம்

புதிதாக வருபவர்களுக்கு 72 மேளகர்த்தா (ஏழு ஸ்வரமும் உள்ள தாய் ராகங்கள்) அட்டவணையைக் கொடுப்பதைப் போல அவர்களை விரட்ட வேறு வழியே இல்லை. அந்த அட்டவணை அழகானதுதான், ஆனால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு மோகனம், கல்யாணி, ரீதிகௌளை போதும்.

மோகனத்தில் ஐந்தே ஸ்வரங்கள்: ஸ ரி க ப த. சினிமாவில் நீங்கள் ஏற்கெனவே கேட்டதுதான். 1988இல் வந்த 'அக்னி நட்சத்திரம்' படத்தின் 'நின்னுக்கோரி வர்ணம்' பாட்டு, மேலே சொன்ன அதே வர்ணத்தின் தொடக்கத்தை எடுத்துக்கொண்டு அதே மோகனத்தில் அமைந்தது. முதலில் படப்பாடல், பிறகு வர்ணம், பிறகு யாராவது ஒருவரின் மோகன ஆலாபனை. இந்த மூன்றையும் ஒரு வாரம் மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

கூடவே ஒரு சின்னப் பயிற்சி. மோகனத்தின் 'த'வை எடுத்துவிட்டு 'நி'யைப் போட்டால் ஹம்ஸத்வனி. முத்துசுவாமி தீட்சிதரின் 'வாதாபி கணபதிம்' அந்த ராகம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே ஒரு ஸ்வரம் மாறியதில் முகமே மாறிப்போவது தெரியும். ராகத்தின் பெயரை ஒப்பிப்பதைவிட இந்த வித்தியாசம் காதில் விழுவதுதான் முக்கியம்.

கல்யாணி ஏழு ஸ்வரமும் உள்ள மேள ராகம், 65ஆவது. 29ஆவது மேளமான சங்கராபரணத்துக்கும் இதற்கும் வேறுபாடு மத்தியமத்தில் ('ம') மட்டும்தான். முதல் 36 மேளங்களில் சுத்த மத்தியமம் (தாழ்ந்த 'ம'), பின் 36இல் பிரதி மத்தியமம் (உயர்ந்த 'ம'). 29ஓடு 36ஐக் கூட்டினால் 65. கேட்கும்போது இந்தக் கணக்கு தேவைப்படாது. 'ம' வரும் இடத்தில் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டால் போதும். கல்யாணியில் அது மேலே ஏறி நின்று பஞ்சமத்தை உரசும்.

ரீதிகௌளை வேறு மாதிரி. அதற்கு நேரான ஏணி கிடையாது, ஸ்வரங்கள் வளைந்து திரும்பி வரும். இளையராஜா இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' பாட்டையும், 'சுப்பிரமணியபுரம்' படத்தின் 'கண்கள் இரண்டால்' பாட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டிலும் பொதுவாக ஒரு வளைவு தென்படும். அதன் பிறகு கச்சேரியில் யாராவது ரீதிகௌளை எடுத்தால் 'எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே' என்று தோன்றும். முதல் வருடத்துக்கு அந்த உணர்வே போதும். ஒரு எச்சரிக்கை: சினிமாப் பாட்டுக்கு ராகத்தை விட்டு வெளியே போக உரிமை உள்ளது. அதை வாசலாக வைத்துக்கொள்ளலாம், அளவுகோலாக வைத்துக்கொள்ள முடியாது.

படி 4: கச்சேரி எப்படி நகர்கிறது

இன்று நாம் கேட்கும் கச்சேரி வடிவத்தை நிலைநிறுத்தியவர் என்று அரியக்குடி ராமாநுஜ ஐயங்காரைச் சொல்வார்கள் (1890–1967). அதற்கு முன்பு ஒரே ராகம் மணிக்கணக்கில் நீள்வது சாதாரணம். அவர் வர்ணத்தில் தொடங்கி, பல பாட்டுகளைச் சுருக்கமாகவும் விறுவிறுப்பாகவும் பாடி, நடுவில் ஒரு பெரிய உருப்படி, கடைசியில் சின்னப் பாட்டுகள் என்று அடுக்கினார். இன்றைக்கும் அடிப்படை அதுதான்.

வர்ணம் முடிந்ததும் பெரும்பாலும் பிள்ளையார் மீது ஒரு பாட்டு. பிறகு ஓரளவு ஆலாபனையுடன் ஒரு கீர்த்தனை, நடுவே வேகமாக ஒன்று. அடுத்து வருவதுதான் மெயின். அதை எப்படிக் கண்டுகொள்வது? ஆலாபனை நீளும். பாடகர் நிறுத்தியதும் வயலின்காரர் அதே ராகத்தைத் தன் வழியில் வாசிப்பார். பிறகு கீர்த்தனை. அதில் ஒரே வரியை வெவ்வேறு விதமாகத் திரும்பத் திரும்பப் பாடினால் அது நிரவல். தொடர்ந்து ஸ ரி க ம என்று ஸ்வரமாகவே கற்பனை செய்து பாடுவது கற்பனாஸ்வரம். கீர்த்தனை ஏற்கெனவே இயற்றப்பட்டது, ஆலாபனையும் நிரவலும் ஸ்வரமும் அந்த நேரத்தில் மேடையில் பிறப்பவை. பிந்தையதை மனோதர்மம் என்பார்கள். ஒரே பாடகரின் ஒரே பாட்டை இரண்டு முறை கேட்கச் சொல்வது இதனால்தான்.

பின்பு தனி ஆவர்த்தனம். மிருதங்கம், கூட இருந்தால் கடமோ கஞ்சிராவோ மோர்சிங்கோ, பாட்டே இல்லாமல் தாளத்தில் மட்டும் பேசிக்கொள்ளும் நேரம். இந்த நேரத்தில் பாதி அரங்கு காபிக்கு எழுந்து போவது சென்னையின் பழைய வியாதி. தயவுசெய்து நீங்கள் உட்கார்ந்தே இருங்கள். படி 2இல் பழகிய கைக்கு இங்கேதான் வேலை. தாளத்தை விடாமல் போட்டுக்கொண்டே வாருங்கள். வாத்தியங்கள் மாறி மாறி வாசித்து, சுற்றுகளின் அளவு குறைந்துகொண்டே வந்து, எல்லாம் ஒன்று சேர்ந்து கோர்வை எனும் முடிவுக் கோப்பில் முடியும். அதே கணத்தில் பாடகர் பாட்டின் வரியைச் சரியாக அதன் எடுப்பில் பிடிப்பார். உங்கள் கையும் அதே இடத்தில் வந்து நின்றால் அந்தச் சந்தோஷத்தை எந்த வகுப்பாலும் தர முடியாது.

கடைசியில் துக்கடாக்கள் எனும் சின்னப் பாட்டுகள்: பதம், ஜாவளி, திருப்புகழ், பாரதியார் பாட்டு, தில்லானா. முடிவில் மங்களம். சில கச்சேரிகளில் ராகம் தானம் பல்லவி இருக்கும். பல்லவி என்பது ஒரே ஒரு வரி, அதைச் சுற்றி ஒரு பெரிய கட்டுமானம். பெண்கள் மேடையில் பல்லவி பாடுவது வழக்கமில்லாத காலத்தில் டி.கே. பட்டம்மாள் அதைப் பாடிப் பெயர் வாங்கினார். முதல் வருடத்தில் பல்லவி புரியாமல் போனால் கவலைப்பட வேண்டாம்.

படி 5: வகுப்பு தேடும்போது

இங்கேதான் பலர் திசை மாறிப் போகிறார்கள். 'இசை வகுப்பு' என்று தேடினால் கிடைப்பதில் பெரும்பாலானவை பாட்டு வகுப்புகள். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்று தொடங்குபவை. நல்லதுதான், ஆனால் உங்கள் நோக்கம் கேட்பது என்றால் அது சுற்று வழி. உங்களுக்கு வேண்டியது ரசனை வகுப்பு.

செலவே இல்லாமல் தொடங்க நினைப்பவர்களுக்கு முதலில் சொல்வது என்பிடெல் எனும் இணையவழிப் பாடத் தளத்தைத்தான். சென்னை ஐஐடி வழியாகக் கர்நாடக இசை ரசனைக்கென்றே ஒரு பாடத்தொடர் அதில் இருக்கிறது. காணொளிகளை இலவசமாகப் பார்க்கலாம், சான்றிதழ் தேர்வு எழுத நினைத்தால் மட்டும் கட்டணம். பாடம் ஆங்கிலத்தில். உங்கள் வேகத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம் என்பது வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரிய வசதி.

இரண்டாவது, மியூசிக் அகாடமியின் காலை விளக்கச் சொற்பொழிவுகள். டிசம்பர் சீசன் நாட்களில் காலையில் நடக்கும், கட்டணமில்லை. பேசுவதோடு நிறுத்தாமல் பாடியும் வாசித்தும் காட்டுவார்கள். இந்த அகாடமியே 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த அகில இந்திய இசை மாநாட்டிலிருந்து பிறந்து 1928இல் தொடங்கப்பட்டது. அதனால் வித்வான்கள் கூடி விவாதிப்பது அதன் தொடக்கத்திலேயே இருந்தது. சில தலைப்புகள் மிகவும் நுட்பமாக இருக்கும். ஒரு வாக்கேயக்காரரை (பாட்டையும் மெட்டையும் தானே இயற்றியவர்) பற்றியோ ஒரு ராகத்தைப் பற்றியோ பேசும் நாட்களாகப் பார்த்துப் போங்கள். ராக லட்சண (ராக இலக்கண) விவாதத்துக்கு அடுத்த வருடம் போகலாம். தமிழிசைச் சங்கத்தில் சீசன் காலைகளில் பண் (பழந்தமிழ் ராகம்) ஆராய்ச்சிக் கூட்டம் நடக்கும். தேவாரப் பண்களில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அது தனி விருந்து.

மூன்றாவது வகை, இசைக்கலைஞர்களோ ஆசிரியர்களோ வீட்டிலும் சிறு அரங்கிலும் இணையத்திலும் நடத்தும் சிறு குழு வகுப்புகள். தரம் மிகவும் மாறுபடும். சேரும் முன் ஒரு வகுப்பு சும்மா உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். ஆசிரியர் பாடியோ வாசித்தோ காட்டுகிறாரா, அல்லது திரையில் எழுத்தை ஓட்டிப் படிக்கிறாரா? சுருதி ஒலிக்கிறதா? வீட்டில் கேட்க இன்னின்ன பதிவு என்று கொடுக்கிறாரா? கச்சேரிக்குச் சேர்ந்து போய்விட்டு மறு வகுப்பில் அதைப் பற்றிப் பேசுவது உண்டா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் மற்றதில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சேரலாம். பத்துப் பதினைந்து பேருக்கு மேல் இருந்தால் கேள்வி கேட்கத் தயக்கம் வரும். வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாமல் மாதாமாதம் கட்டுவது நல்லது. ஒரு வகுப்பு பிடிக்காமல் போவது உங்கள் காதின் குறை அல்ல.

எங்கே போய்த் தட்ட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மியூசிக் அகாடமி நடத்தும் உயர்நிலைப் பயிற்சிப் பள்ளி ஏற்கெனவே நன்றாகப் பாடத் தெரிந்தவர்களுக்கானது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் நாகஸ்வரம், தவில், தேவாரம் என்று அருமையாகச் சொல்லித்தருகின்றன, ஆனால் வயது வரம்பு உண்டு. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேண்டுமானால் விசாரியுங்கள். கலாக்ஷேத்ரா முழுநேரப் படிப்புக்கான இடம்.

படி 6: எந்தச் சபா, எந்தக் கச்சேரி

நவம்பர் வாக்கில் சபாக்களின் அட்டவணைகள் வெளிவரத் தொடங்கும். அவரவர் இணையதளத்திலும் நாளிதழ்களிலும் பார்க்கலாம். அட்டவணையைப் பார்த்ததும் தலை சுற்றும். ஒரே மாலையில் பத்து இடங்களில் பத்துக் கச்சேரி. வாரத்துக்கு மூன்று என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒன்றாவது இளைஞர் கச்சேரியாக இருக்கட்டும்.

சீசனின் ரகசியமே மதியக் கச்சேரிகள்தான் என்பேன். பெரும்பாலான சபாக்களில் அவற்றுக்குக் கட்டணமில்லை. வளரும் கலைஞர்கள் உயிரைக் கொடுத்துப் பாடுவார்கள். அரங்கு பாதி காலியாக இருப்பதால் முன்வரிசையில் உட்காரலாம், பாடகரின் கையும் மிருதங்கக்காரரின் விரலும் நன்றாகத் தெரியும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. மாலை நேரப் பெரிய கச்சேரிக்கு டிக்கெட் வாங்க வேண்டும். நட்சத்திரப் பாடகர்களுக்கு விரைவில் தீர்ந்துவிடும். முதல் வருடத்தில் சீசன் டிக்கெட்டுக்குப் பணம் போடாதீர்கள். தினசரி டிக்கெட்டில் நான்கைந்து கேட்டால் போதும்.

இடம் பற்றிக் கொஞ்சம். மயிலாப்பூரைச் சுற்றி நடந்தே போகும் தூரத்தில் பல அரங்குகள்: கிழக்கு மாடவீதியில் பாரதிய வித்யா பவன், லஸ் பக்கம் ராகசுதா அரங்கம், இன்னும் மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப். பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்து சமாளித்துக்கொள்ளலாம். ராகசுதா சின்ன அரங்கம், பாட்டும் வாத்தியமும் பக்கத்தில் இருந்து கேட்பது போல இருக்கும், வருடம் முழுக்க நிகழ்ச்சிகள் உண்டு. டி.டி.கே. சாலையில் அகாடமியும் நாரத கான சபாவும். தி.நகரில் கிருஷ்ண கான சபாவும், ஜி.என். செட்டி சாலையில் வாணி மகாலும்.

பாட்டு மொழி புரியவில்லை என்பது பலருக்கு உண்மையான தடை. தியாகராஜர் பெரும்பாலும் தெலுங்கில் எழுதினார், தீட்சிதர் சம்ஸ்கிருதத்தில். அது உங்களை விலக்கிவைக்கிறது என்றால் பாரிமுனை ராஜா அண்ணாமலை மன்றத்திலிருந்து தொடங்குங்கள். 1943இல் உருவான தமிழிசைச் சங்கத்தின் அரங்கம் அது. டிசம்பரில் அங்கே நடக்கும் இசைவிழாவில் தமிழ்ப் பாடல்கள்தான். முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை, கோபாலகிருஷ்ண பாரதி, பாபநாசம் சிவன் என்று சொல்லும் பொருளும் நேராக வந்து சேரும். சொல் புரிந்தால் நிரவலின் சுவை இரட்டிப்பாகும், ஏனென்றால் பாடகர் எந்த வரியை எடுக்கிறார், ஏன் எடுக்கிறார் என்பது விளங்கும். தெலுங்குக் கீர்த்தனைகளுக்கு வீட்டிலேயே அர்த்தத்தைப் படித்துவிட்டுப் போவது நல்லது.

டிக்கெட்டும் வேண்டாம், அரங்கும் வேண்டாம் என்பவர்களுக்கு இன்னும் இரண்டு உண்டு. மார்கழி விடியற்காலையில் மயிலாப்பூர் மாடவீதிகளில் பஜனை வரும். பாபநாசம் சிவன் முன்னின்று நடத்திய வழக்கம் அது. பங்குனியில் கபாலீஸ்வரர் கோயில் உற்சவத்தின்போது சுவாமி புறப்பாட்டில் நாகஸ்வரமும் தவிலும் கேளுங்கள். புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி எனும் உருப்படி கம்பீர நாட்டை ராகத்தில் இருக்கும். நாகஸ்வரத்தைத் திறந்த வெளியில் கேட்பதே சரி. ஏசி அரங்கில் மைக் வழியாகக் கேட்டால் பாதிதான் வரும்.

படி 7: அரங்குக்குள்

எங்கே உட்காருவது என்பதில் சின்ன சூட்சுமம் இருக்கிறது. பாடகரின் வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின். அதாவது நம் பார்வையில் இடது கைப்பக்கம் மிருதங்கம். அப்படி உட்கார்ந்தால்தான் வலந்தலை, அதாவது கருப்புச் சாதம் வைத்த வலது முகம், சபையைப் பார்த்து இருக்கும். இடக்கைப் பழக்கமுள்ள மிருதங்கக்காரர் என்றால் இடம் மாறி உட்காருவார். தாளத்தில் ஆர்வமா, இடப்பக்கம் உட்காருங்கள். வயலின் பிடிக்குமா, வலப்பக்கம்.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாட்டின் முதல் சொல், ராகம், தாளம். மூன்றும் தெரியாவிட்டால் காலியாக விடுங்கள். பல பாடகர்கள் ராகத்தை அறிவிக்க மாட்டார்கள். பாட்டு முடிந்து கைதட்டும்போது பக்கத்து இருக்கை மாமியிடம் "இது என்ன ராகம் மாமி?" என்று மெதுவாகக் கேட்டால் ராகத்தோடு அந்தப் பாட்டை யார் யார் எப்படிப் பாடினார்கள் என்பதும் சேர்ந்தே கிடைக்கும். ஆலாபனைக்கு நடுவில் மட்டும் கேட்காதீர்கள். சிலர் தாங்களாகவே அடுத்தவர் காதில் ராகத்தின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். அது தப்பாகவும் இருக்கலாம், சிரித்துவிட்டு விடுங்கள்.

தாமதமாக வந்தால் பாட்டு முடியும்வரை கதவருகில் நில்லுங்கள். கிளம்பவும் பாட்டின் இடைவெளிதான் நேரம். போனை அணைத்துவிடுங்கள், பதிவு செய்யாதீர்கள். குளிர் அதிகமாக இருக்கும், பெரியவர்கள் சால்வை எடுத்துப் போவது உத்தமம். மருந்து நேரமும் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு முழுக் கச்சேரி இரண்டரை மணி நேரம் போகும். கேன்டீனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன? அறுசுவை நடராஜன், மவுன்ட்பேட்டன் மணி ஐயர் போன்ற சமையல்காரர்களின் பெயர்கள் வித்வான்களின் பெயருக்கு இணையாக சீசனில் புழங்கியவை. கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போய்ச் சாப்பிட்டுவிடுங்கள். தனியை விட்டுவிட்டு வரிசையில் நிற்கத் தோன்றாது.

படி 8: வீட்டுக்கு வந்த பிறகு

அன்று கேட்ட பாட்டுகளில் பிடித்த ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைப் பழைய தலைமுறையினர் எப்படிப் பாடினார்கள் என்று தேடிக் கேளுங்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி, ஜி.என். பாலசுப்பிரமணியம், மதுரை மணி ஐயர், எம்.எல். வசந்தகுமாரி, செம்மங்குடி சீனிவாச ஐயர் எல்லாருடைய பதிவுகளும் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. இரண்டு பேரின் 'வாதாபி'யை அடுத்தடுத்துக் கேட்டு, எது வேகம், யார் எந்தச் சங்கதியில் (ஒரே வரியின் மெட்டு வேறுபாடு) நின்றார்கள் என்று கவனியுங்கள். நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்பதைத் தாண்டி, ஏன் என்று ஒரு வரி நோட்டில் எழுத முடிகிறதா பாருங்கள். ரசனை வகுப்பில் கிடைக்கும் சொற்கள் இங்கேதான் பயன்படும்.

சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் இதே முறைதான். திருச்சி, மதுரை, கோவையில் சபாக்கள் உண்டு, கோயில் உற்சவக் கச்சேரிகள் எங்கும் உண்டு. வகுப்புக்கு இணையம் இருக்கிறது. சென்னை அரங்குகளில் சில, கச்சேரிகளை நேரலையாகவும் ஒளிபரப்புகின்றன.

படி 9: தை மாதம், திருவையாறு

முடிந்தால் ஒரு முறை போய் வாருங்கள். தியாகராஜர் 1847 ஜனவரி 6 அன்று திருவையாற்றில் மறைந்தார். அவர் மறைந்த புஷ்ய பகுள பஞ்சமித் திதியில் காவிரிக் கரையில் உள்ள சமாதியில் ஆராதனை நடக்கும். திதிக் கணக்கு என்பதால் ஆங்கிலத் தேதி வருடா வருடம் மாறும், பெரும்பாலும் ஜனவரியில் வரும். தேதி தெரிந்ததுமே தஞ்சாவூரில் அறை பிடித்துவிடுங்கள். தஞ்சாவூரிலிருந்து பேருந்தில் போய்விடலாம். பஞ்சமியன்று காலையில் வித்வான்கள் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுவார்கள்: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. ஐந்தும் ஆதி தாளம். கையில் சாகித்தியப் புத்தகம் இருந்தால் கூடவே முனகலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, நெரிசல் உண்டு. விடியற்காலையிலேயே போய் இடம் பிடிக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் தரையில் நெடுநேரம் உட்கார வேண்டியிருக்கும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து வந்ததும் வகுப்பை நிறுத்திவிடாதீர்கள். மாசி, பங்குனியில் சபாக்களில் கூட்டம் குறைவு, ஆசிரியர்களும் சீசன் அலைச்சல் முடிந்து ஓய்வாக இருப்பார்கள். அடுத்த மூன்று ராகங்களுக்குப் போக அதுதான் சமயம். பைரவி, தோடி, காம்போதி என்று வைத்துக்கொள்ளலாம். தோடிக்கு மட்டும் முதலில் வாய்ப்பாட்டைத் தேடாமல், டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரப் பதிவிலிருந்து தொடங்குங்கள்.